நரி முகம்

கார்குழலிக்குத் தலைமுடி மொத்தமும் கொட்டிப்போனது. புருவமும் போனது. பெயர் மட்டும் அப்படியே இருந்தது. முடி கொட்டியதற்கு டாக்டர் அலோபீசியா என்றார்.

"கிரேக்கச் சொல்மா. நரி நோய்னு அர்த்தம். சொறி பிடிச்ச நரிக்கு முடி கொட்டும்ல, அதைப் பார்த்து வெச்ச பேரு."

அவள் கணவன் இளமாறன் டாக்டர் தலைக்கு மேலிருந்த காலண்டரைப் பார்த்துத் தலையாட்டினான். கொஞ்ச நாளாக அவன் அவளோடு பேசுவதெல்லாம் காலண்டரையோ மின்விசிறியையோ பார்த்துத்தான். படுத்தால் சுவர்ப்பக்கம்.

மறுநாள் விடிந்ததும் அவன் முதுகில் விரலால் தட்டினாள்.

"மாறா, இந்தப் பக்கம் திரும்பு."

"எதுக்கு?"

"நரி முகத்துல முழிச்சா அதிர்ஷ்டம்னு ஊரே சொல்லுது. உனக்கு வீட்டுக்குள்ளயே கெடைச்சிருக்கு."

அவன் கொஞ்ச நேரம் சுவரோடு ஆலோசித்தான். "இன்னிக்கு முக்கியமான வேலை எதுவும் இல்லையே."

"பரவாயில்ல. சும்மா முழி."

அவன் திரும்பினான். கண்களை இறுக்கி மூடியிருந்தான். இமைகள் மட்டும் துடித்தன. கார்குழலி தன் முகத்தை அவற்றுக்கு நேராகத் தலையணையில் வைத்துக்கொண்டு, அசையாமல் கிடந்தாள்.