ஐந்து சரிவுக் கூரை

கணினித் திரையில் அந்தத் தம்பதி கட்டப்போகும் வீடு மெல்லச் சுழல்கிறது. "சகலை வீட்டுக் கூரைக்கு மூணு சரிவு. நமக்கு அஞ்சு வெச்சிடுங்க," என்கிறார் கணவர், குடியேறியே விட்ட தோரணையில். வரைபடம் போடும் பெண் மவுஸை இழுக்கிறாள். கூரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முட்டிக்கொள்கின்றன. சுவர்கள் தாமாக உயர்ந்து அவற்றைத் தாங்குகின்றன. இருக்கிற தொப்பிகளையெல்லாம் ஒரே தலையில் கவிழ்த்த ஆளைப் போலிருக்கிறது வீடு என்று மனைவிக்குத் தோன்றுகிறது. "சார், ரெண்டு சரிவு சேர்ற இந்த இடத்துல தண்ணி நிக்கும். கீழ இருக்கற ரூம் ஒழுகும்," என்கிறாள் அந்தப் பெண். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது இவ அம்மா ரூம்தானே, பரவால்ல." மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்புகிறாள். "கூரை அப்படியே இருக்கட்டும்மா. அந்த ரூமை இவருக்குப் போட்டுடு."