மரங்கொத்திக்கு ரெண்டு பக்கம்

"அடி லூசு! சொந்தப் பக்கத்தை யாராவது காலி பண்ணுவாங்களா?"

தோழி போட்ட சத்தத்தில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. டைப்பிஸ்ட் லேப்டாப்பிலிருந்து கண்ணெடுக்கவில்லை. விக்கிப்பீடியாவில் மரங்கொத்திப் பறவைக்கு இரண்டு பக்கங்கள். ஒன்று அவள் மாதக்கணக்கில் எழுதியது. இன்னொன்று யாரோ புதியவரின் பத்து வரி. இரண்டையும் ஒன்றாக்கும் பொறுப்பு, விக்கி நிர்வாகிகளில் ஒருத்தியான அவளுடையது.

"நான் எழுதி வெளியிடுறதுக்குள்ள அவர் முந்திட்டார்டி. முதல்ல வந்த பக்கம்தான் நிக்கணும். என்னோடதை அதுக்குள்ள சேர்த்துடுறேன்."

"தொடங்கினவர்னு அவர் பேர்தானே இருக்கும்? உழைச்சது நீ! பேசாம அவரோடதை அழிச்சிடு."

"பாவம்டி. 'இதுதான் என் முதல் பக்கம், தயவுசெஞ்சு அழிச்சிடாதீங்க'ன்னு கெஞ்சியிருக்கார். அழிச்சா விக்கி பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டார்."

பொத்தானை அழுத்தினாள். பக்கங்கள் ஒன்றாயின.

"யாருடி அந்தப் பச்சைப்புள்ள?"

"லீவு கேட்டு உள்ள போனப்போ பார்த்தேன். இந்தக் கெஞ்சலைத்தான் டைப் பண்ணிட்டிருந்தார்."

தோழிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நம்ம மேனேஜரா? நேத்து எல்லார் முன்னாடியும் உன் ஃபைலைத் தூக்கி எறிஞ்சாரே, அந்த ஆளா!"

"அவரேதான். ஆனா மரங்கொத்தியை ரசிச்சு எழுதியிருக்கார்டி."

சொல்லுங்கள், அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பீர்களா?