கூடையில் கடைசிப் படம்

எனக்கென்று கூடையில் மிஞ்சியது ஒரே ஒரு படம்தான்.

கூடையை ஏந்தி வந்தவர் அம்மா. லண்டன் லூயிஷாமில் நாங்கள் போகும் மாலைநேர இத்தாலியன் வகுப்பில் எதையாவது சுற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் அவர்தான் முதலில் எழும்புவார்.

எங்கள் பங்குக் கோவிலிலும் அப்படித்தான். புதுவருடப் பூசை முடிய வேதாகம வசனச் சீட்டுகளைக் கூடையில் போட்டு நீட்டுவார். வருத்தக்காரருக்கும் வேலை போனவர்களுக்கும் நல்ல வசனமாகவே வரும். அது, வேண்டிய சீட்டைக் கூடை விளிம்போடு அழுத்தி வைத்திருக்கும் அம்மாவின் பெருவிரல் செய்கிற வேலை என்று பங்கில் எல்லோருக்கும் தெரியும்.

இன்று கூடையில் இருந்தவை இத்தாலியப் படங்கள். ஆளுக்கொன்று வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தோம். இன்னொருவருடைய படத்தை எடுத்து இத்தாலிய மொழியில் விவரிக்க வேண்டும். முடிவில், படத்தைக் கொண்டுவந்தவர் ஒரு கேள்வி கேட்பார்.

இடமிருந்து வலம், தூரத்திலிருந்து கிட்ட. இது ஆசிரியை பவோலாவின் விதி. விதி என்று ஒன்று இருந்தால் எனக்கு நிம்மதி. என் போக்கில் பேச விட்டால் பிழை விடுவேன்.

அம்மா என் பக்கத்துக் கதிரைக்காரர். ஆனாலும் மறுகரையிலிருந்து சுற்றி வந்து, தனக்கும் ஒன்று எடுத்துவிட்டு, கடைசியாகத்தான் என்னிடம் நீட்டினார்.

சுற்றுலாக் கையேடு ஒன்றிலிருந்து வெட்டிய படம். நான்காக மடித்திருந்தது. மடிப்புகள் வெளுத்து, செபப் புத்தகத்துக்குள் நெடுநாள் இருந்த புனிதர் படம் போல மெலிந்துபோயிருந்தது.

இடது மூலையில் ஒரு மலை, என்று தொடங்கினேன். மலையின் மேல் ஒரு பழைய ஊர். ஊரைச் சுற்றி மதில். மதிலுக்குள் ஒரு மணிக்கோபுரம்.

"தங்கச்சி, வைன் எங்கை இருக்கெண்டு சொல்லு. மதிலைப் பிறகு பாப்பம்," என்றார் பின்வரிசை யோகராஜா அண்ணை. கலியாணநாளுக்கு மனைவியை இத்தாலியின் உம்பிரியாவுக்குக் கூட்டிப்போவதற்காக இத்தாலியன் படிக்கிறவர். வைன்களின் பெயர்களைத் தவிர வேறொன்றும் இன்னும் அவர் மனதில் நிற்கவில்லை.

வைன் என்ற சொல் மட்டும் விளங்கி மற்றவர்களும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. உச்சரிப்பில் பிழை விட்டுவிட்டேனோ என்று நினைத்தேன்.

அம்மா இந்த வகுப்பில் சேர்ந்ததே எனக்கு ஆச்சரியம்தான். பங்கிலிருந்து பதுவை அந்தோனியாரிடம் யாத்திரை போகிறார்கள், அங்கே வழி கேட்கத் தெரிய வேண்டும் என்றார். துணைக்கு என்னையும் சேர்த்துவிட்டார். அதுவரை எங்கள் வீட்டில் ஒருவரும் இத்தாலி என்ற சொல்லை எடுத்ததில்லை.

அப்பா எங்களை மன்னாரிலிருந்து லண்டனுக்கு எடுத்தபோது றொனால்ட் அண்ணாவுக்குப் பதினெட்டு கடந்திருந்தது. விசா அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே கிடைத்தது. அண்ணா ஏஜென்சி பிடித்து வெளிக்கிட்டார். இத்தாலிக் கரையைக் காணும் முன்பே படகு மூழ்கிவிட்டது என்றார்கள். உடல் கிடைக்கவில்லை.

சில வருடங்கள் பொறுத்திருந்துவிட்டு அப்பா பூசை கொடுத்தார். இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் மரித்தவர்களின் பெயர்களோடு அண்ணாவின் பெயரையும் கோவிலில் வாசிக்கிறார்கள். அந்த நேரத்தில் அம்மா எழும்பி வெளியே போய்விடுவார்.

நான் தொடர்ந்தேன். மதிலுக்குக் கீழே திராட்சைத் தோட்டம். நடுவில் ஒரு டிராக்டர். பழம் வெட்டுகிறார்கள். வேலையாட்கள் பெட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வருகிறார்கள்.

வலது ஓரத்தில் நிற்பவர் மட்டும் பெட்டியைத் தலையில் வைத்திருக்கிறார்.

தலைக்கு நான் சொன்ன சொல் சரிதானா என்று பவோலாவைப் பார்த்தேன். சரி என்று தலையசைத்தார்.

அந்த ஆள் போட்டிருந்த ரீசேட்டைக் கழற்றிச் சுருட்டிச் சும்மாடாக வைத்திருந்தார். எங்கள் ஊர், பேசாலைக் கரையில் மீன்பெட்டி ஏற்றுகிறவர்கள் வைக்கிற மாதிரி. மன்னார் ஆட்கள் இல்லாத இடம் எது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முகத்தில் பாதி நிழல். அண்ணாவை விட்டு வரும்போது நான் சின்னப்பிள்ளை. அவர் முகம் என்றால் எனக்குச் சுவரில் தொங்கும் படம்தான். என் கண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

படத்தைக் கிட்டப் பிடித்தேன்.

அவருடைய கழுத்துச் சங்கிலி கீழே தொங்கவில்லை. சங்கிலியின் சிலுவை பற்களுக்கிடையில் இருந்தது.

பாரம் தூக்கும்போது சிலுவை ஆடக் கூடாதென்று அண்ணா அதைக் கடித்துக்கொள்வார். "ஆண்டவரைக் கடியாதையடா," என்று அம்மா ஒவ்வொரு முறையும் ஏசுவார்.

எனக்கு அடுத்த சொல் வரவில்லை. இத்தாலியனிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

பவோலா சற்றுப் பொறுத்தார். சொல்லை மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். இது யாருடைய படம், கேள்வியைக் கேளுங்கள், என்றார்.

என் பக்கத்துக் கதிரையில் கை உயர்ந்தது.

அம்மா ஒரு பிழையும் விடாமல் இத்தாலியனில் கேட்டார்: வலது ஓரத்தில் நிற்பவர் யார்?

செப்டெம்பரிலிருந்து சமையலறையில் அவர் இதையேதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் அதைச் செபம் என்று நினைத்திருந்தேன்.

வெறுங்கூடை அவர் மடியில் இருந்தது. விளிம்பை அழுத்திய பெருவிரல் வெளுத்திருந்தது. அவர் படத்தைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிலுவையைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறார், அம்மா," என்றேன்.

வகுப்பில் எங்கள் தமிழ் விளங்கிய ஒரே ஆள் யோகராஜா அண்ணை. அவர் கதிரையை முன்னுக்கு இழுத்து என் கையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தார்.

"நான் உனக்கு ஒண்டும் சொல்லித் தரேல்லைத்தானே?" என்று கேட்டார் அம்மா. "நீயாத்தானே கண்டனீ?"