பழசே போதும்

"நாலு மணிக்குள்ள பழசையே திரும்பக் கொண்டு வாங்க. இல்லன்னா நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்" என்றார் மேலாளர்.

மணி மூன்றரை. புரோகிராமர் மேலாளரோடு ஆர்டர் பிரிவுக்கு ஓடினான். இலவசமாக எடுத்து யாரும் திருத்திக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் வகையைச் சேர்ந்த கம்பெனி மென்பொருளில் ஆர்டர் எடுக்கும் பக்கத்தை, பார்வைக்கு எதுவும் மாறாமல், உள்ளே மட்டும் புதிதாக எழுத ஆறு மாதம் உழைத்திருந்தான். இன்று காலைதான் "புதுப் பக்கம் வந்தாச்சு" என்று எல்லோருக்கும் அறிவித்தான்.

"ஓசில கிடைச்சதை நோண்டினா இப்படித்தான்" என்று முணுமுணுத்தார் மேலாளர்.

ஆர்டர் பிரிவு அக்கா திரையை அவன் பக்கம் திருப்பினார். "நீயே பாருப்பா. ஒரு பேரைத் தேட அரை நிமிஷம் சுத்துது. காலையிலேர்ந்து போன்ல திட்டு வாங்கியே காது புளிச்சுப் போச்சு. பழசு எவ்வளவு சுறுசுறுப்பு!"

அவன் திரையை உற்றுப் பார்த்தான்.

"கொஞ்சம் நகருங்கக்கா."

இரண்டே இரண்டு பட்டன்களைத் தட்டினான். அக்கா தேடிய பெயர் கண்ணிமைப்பதற்குள் வந்து நின்றது.

"ஹப்பா, இப்பதான் உயிரே வந்துச்சு!" அக்கா கைதட்டினார்.

"இனிமே இதுல கை வெச்சீங்க..." மேலாளர் விரலை ஆட்டினார்.

"சத்தியமா வெக்க மாட்டேன் சார்."

படியிறங்கும்போது, விஷயம் தெரிந்த மனைவி நான்காவது முறையாகப் போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, பழசையே போட்டுட்டீங்களா? ஆறு மாச உழைப்பும் போச்சா?"

"அடிப் போடி! காலையிலேர்ந்து அவங்க திட்டினதே பழசைத்தான். அந்தக் கம்ப்யூட்டர் நேத்துப் பக்கத்தையே சேமிச்சு வெச்சுக் காட்டிட்டு இருந்திருக்கு. புதுசை இப்பதான் திறந்து விட்டுட்டு வரேன்!"