சத்தம் வராத ஸ்பீக்கர்

"சேந்துருச்சுன்னு காட்டுது. ஆனா சத்தத்தை மட்டும் காணோமே!"

லேப்டாப்பைத் தூக்கி உலுக்காத குறைதான். இன்னும் அரை மணி நேரத்தில் துஷ்யந்திக்கு நேர்முகத் தேர்வு. லண்டன் வாழ்க்கையை மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊரான கெலுகோரில் இந்த அடுக்குமாடிக்குத் திரும்பிய பிறகு, இந்த வயதில் அவளைக் கூப்பிட்ட முதல் கம்பெனி. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் போன மாதமே காப்பி குடித்துச் செத்துவிட்டது. மேசைமேல் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கர்தான் கதி.

"போன்லயே பேசேன்" என்றார் கணவர் சதீசன், சோபாவில் படுத்தபடி.

"ஸ்கிரீன்ல படம் காட்டி விளக்கணும்ங்க. இது இல்லாம ஆகாது."

"அப்ப எடுத்துட்டு மறுபடி சேத்துப் பாரு லா."

"எல்லாம் பாத்தாச்சு. லிஸ்ட்ல ஒரே பேர் ரெண்டு தடவை நிக்குது. ஒண்ணு சேரவே மாட்டேங்குது. இன்னொண்ணைத் தொட்டதும் ஒட்டிக்குது."

"ஒட்டுறதை வெச்சுக்க. ஒட்டாததை எதுக்குக் கெஞ்சுற? என்னைக் கட்டிக்கிட்டப்பவும் அப்படித்தானே செஞ்ச."

சிரிக்க அவளுக்கு நேரமில்லை. சோதித்துப் பார்க்க ஏதாவது ஒன்றைப் போட வேண்டும். கைக்கு அகப்பட்டது, கோலாலம்பூரில் இருக்கும் தங்கை அனுஜாவுக்குக் காலையில் அவள் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். தட்டினாள். சத்தமில்லை. ஒலியைக் கடைசிவரை ஏற்றிவிட்டு மறுபடி தட்டினாள். மூச்சே இல்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டு மறுபடி தட்டினாள். ஆத்திரத்தில் இன்னொரு முறையும்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

பக்கத்து வீட்டு மீனாட்சி. பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் ஒயர் தொங்கும் ஹெட்செட்.

"அக்கா, இதக் குத்திப் பாருங்க. எங்க மக ஷர்மினி ஒன்லைன் கிளாசுக்கு வாங்கினது. நல்லாத்தான் கேக்கும்."

துஷ்யந்தி விழித்தாள். "நான் கேக்கவே இல்லையே மீனாட்சி?"

"சுவரு மெலிசுலா அக்கா. நீங்க தவிக்கிறது தெரிஞ்சிச்சி." மீனாட்சி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "புளூடூத்த மட்டும் மறக்காம அடைச்சிருங்க. இன்டர்வியூ முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க. ஷர்மினியப் பாக்க சுங்கை பாக்காப்லேருந்து வந்திருக்காங்க. நீங்களும் ஒரு பெரிய மனுஷியா வந்து உக்காந்தா எங்களுக்குப் பெருமை."

கதவைச் சாத்தியதும் துஷ்யந்தி குரலைத் தாழ்த்தினாள்.

"பாத்தீங்களா? பொண்ணு பாக்க ஆள் வந்திருக்காங்க, அப்பவும் இவளுக்கு நம்ம வீட்டுச் சுவர்லதான் காது. நாம வாங்கின ஸ்பீக்கரைப் பாத்து அதே மாதிரி வாங்கினவதானே!"

"காது வெச்சதாலதான் உனக்கு ஹெட்செட் கிடைச்சிச்சி" என்றார் சதீசன்.

புளூடூத்தை அடைத்து, ஹெட்செட்டைக் குத்தினாள். கணீரென்று கேட்டது.

தேர்வு நன்றாகவே போனது. அடுத்த சுற்றுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். மலர்ந்த முகத்தோடு ஹெட்செட்டைச் சுருட்டிக்கொண்டு அவள் கிளம்பியபோது, சதீசன் மேசைமேல் இருந்த ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய், இதுல சார்ஜே இல்லையே. செத்துக் கிடக்கு. அப்புறம் உன் லேப்டாப் எதோட போய் ஒட்டிக்கிச்சி?"

"வந்து பாத்துக்கலாம்ங்க."

மீனாட்சியின் வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளையின் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். முகங்களில் சிரிப்பு. சம்பந்தம் முடிந்துவிட்டது போலிருந்தது.

"வாங்கக்கா, வாங்க! மாமா, இவங்கதான் நான் சொன்ன பக்கத்து வீட்டு அக்கா. லண்டன்ல இருந்தவங்க."

துஷ்யந்தி கைகூப்பினாள். நன்றி சொல்ல வாயெடுத்தவளின் கண்ணில் சாமி படத்தின் கீழ் இருந்த அது பட்டது. அவளுடையது போலவே ஒரு கறுப்பு ஸ்பீக்கர். நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

போன தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு, மீனாட்சி கேட்டாளே என்று, தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து இதே ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக் கொடுத்தது ஞாபகம் வந்தது. லிஸ்டில் ஒரே பெயர் இரண்டு தடவை.

மாப்பிள்ளையின் அப்பா பேச்சைத் தொடர்ந்தார்.

"கொஞ்சம் முன்னால வந்திருந்தீங்கன்னா நீங்களும் கேட்டிருப்பீங்கம்மா. ரேடியோவுல ஒரு நாடகம். ஒரே வசனத்தையே திருப்பித் திருப்பிப் போட்டான். அதுவும் காது கிழியிற சத்தத்துல!"

"நாடகத்துக்கு விளம்பரம் மாமா, அப்படித்தான் போடுவாங்க" என்றாள் மீனாட்சி அவசரமாக.

"ஒரு பொம்பள பேசுறா. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாதாம். அவ ஆசையா கொண்டாந்து குடுக்கிற பலகாரத்த எல்லாம் இவ சிரிச்சிக்கிட்டே வாங்கி, கதவைச் சாத்தினதும் குப்பையில கொட்டிருவாளாம். இப்படியும் இருப்பாங்களா?"

காலையில் அனுஜாவிடம் துஷ்யந்தி சொன்னது அட்சரம் பிசகாமல் அதுதான்.

வாயைத் திறந்தால் போதும், குரல் காட்டிக் கொடுத்துவிடும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்னம்மா, நீங்க ஒண்ணுமே பேச மாட்டேங்கிறீங்க?" என்றார் பெரியவர்.

"அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கு மாமா. இன்டர்வியூல பேசிப் பேசி..." மீனாட்சி ஓர் அதிரசத்தை எடுத்துத் தட்டில் வைத்து, துஷ்யந்தியின் கையில் கொடுத்தாள். பிறகு பெரியவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அது வெறும் நாடகம் மாமா. எங்க அக்கா, நான் எது குடுத்தாலும் சாப்புடுவாங்க."