மூன்றாவது செயலி

கணினி முடங்கினால் அதன் நான்கு செயலிச் சில்லுகளில் ஒன்று பொறுப்பேற்று மற்ற மூன்றையும் நிறுத்திவைக்கும். பிழையைத் திருத்தியதும் அவற்றை விடுவிக்க வேண்டும். பொறியாளருக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

இன்று முடங்கியதில் தீவிர சிகிச்சைப் பிரிவின் திரைகள் இருண்டு கிடந்தன. அவள் காலையில் கழற்றிய பழுதான மூன்றாவது செயலி, உடன் வேலைபார்க்கும் கணவனின் சட்டைப் பையில் இருந்தது.

"நீ நில்லுன்னா நிக்கறதுக்கு நான் ஒருத்தன் பத்தாதா?" என்றான் அவன், தேநீரை ஊதிக்கொண்டே.

நிறுத்தும் ஆணையைத் தட்டினாள். இரண்டாவது நின்றது, மூன்றாவது நின்றது, நான்காவது நின்றது என்றது திரை.

"கழட்டி வெச்சதுகூட பதில் சொல்லுது பாரு." அவள் அலட்டிக்கொள்ளவில்லை. பிழையைத் திருத்தி, இரண்டையும் நான்கையும் விடுவித்தாள். இல்லாத மூன்றாவதை நிரந்தரமாக நீக்கினாள். சிகிச்சைப் பிரிவின் திரைகள் உயிர்பெற்றன.

"பாத்தியா? பொண்டாட்டின்னா சும்மாவா?"

திரும்பிப் பார்த்தாள். அவன் கோப்பையை உதட்டருகே பிடித்தபடி நின்றிருந்தான். தேநீரின் ஆவியும் அப்படியே நின்றிருந்தது.