டீச்சர் கொடுத்த வாக்கு

பாடசாலையின் ஆலோசனை அறைக்குள் சஜீவனி தயங்கித் தயங்கி நுழைந்தாள்.

“பயாலஜி புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது டீச்சர். தூக்கமே வர்றதில்ல. அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்.”

பிரான்சிஸ்கா டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இங்க பேசுறது இந்த அறையை விட்டு வெளிய போகாது. எந்தப் பிள்ளைக்கும் நான் குடுக்குற வாக்கு இது.”

சஜீவனி மனம்விட்டு அழுதாள். அன்று மாலை டியூஷன் முடிந்து, வீட்டுக்குப் போக ஹாலிஎல ஊர் பஸ்ஸில் ஏறும்போது நெஞ்சு லேசாக இருந்தது.

வீட்டு வாசலிலேயே அப்பா நின்றார். “பயோ படிக்கப் பயமாமே உனக்கு? நாளையிலேருந்து விடியக்காலையிலயும் டியூஷன் போற.”

உள்ளே அம்மா தலைநிமிராமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். “பெத்த அப்பாவுக்குத் தெரிய வேணாமா, சஜீ?”

“அம்மாகிட்ட சொன்னா அப்பாவுக்குப் போயிரும்னு தெரியும்,” என்றாள் சஜீவனி. “அதனாலதான் வீட்டுல சொல்லாம, ஸ்கூலுக்கு வந்து டீச்சரான உங்ககிட்ட சொன்னேன்.”